எதை அளக்க வேண்டும்?

மாணவர்களே, தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது என்று எழுத நீங்கள் தமிழ்ப்பள்ளியிலேயே பழகியிருப்பீர்கள். ஆனால், சார்பு மாறியாக எதை அளப்பது என்று நீங்களே முடிவு செய்ததுண்டா? பெரும்பாலும் கேள்வித்தாளே அதைச் சொல்லிவிடும். மருத்துவ ஆய்வில் அது அவ்வளவு எளிதன்று. நுரையீரல் உயர் இரத்த அழுத்த நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்ப்போம்.

நோய் என்ன?

கிளினிக்கில் கையில் பட்டையைச் சுற்றி அளப்பது, உடல் முழுவதற்கும் செல்லும் இரத்தத்தின் அழுத்தம். இதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தத்தின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. சராசரியாக ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் பாதரசம்தான். அது 20-ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் எனக் கொள்வர். நுரையீரலின் சிறு தமனிகள் தடித்துக் குறுகுவது இதற்கு ஒரு காரணம். குறுகிய குழாய்களில் இரத்தத்தைத் தள்ள, மெல்லிய சுவருடைய வலது கீழறை கூடுதலாக உழைத்து, நாளடைவில் தளர்ந்துபோகிறது. மூச்சு வாங்குதல், அசதி, கால் வீக்கம், மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

அழுத்தத்தை அளந்தால் போதுமா?

அழுத்தம் குறைந்தால் நோயும் குறைந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால், வலது கீழறை மிகவும் பலவீனமாகிவிட்டால், அதனால் இரத்தத்தை வேகமாகத் தள்ள முடியாது. அப்போதும் அழுத்தம் குறையும்! எண் நன்றாகத் தெரியும், நோயாளியோ மோசமாகிக்கொண்டிருப்பார்.

ஆறு நிமிட நடை

எனவே, மருத்துவர்கள் வேறொன்றையும் அளந்தனர். நோயாளி 30 மீட்டர் நீளமுள்ள நேரான நடைபாதையில், தம் வேகத்தில், ஆறு நிமிடம் நடப்பார், களைத்தால் நின்றுகொள்ளலாம். கடந்த தூரமே சார்பு மாறி.

1996-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் முற்றிய 81 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சையுடன் எப்போப்ரொஸ்டெனோல் என்ற மருந்தும் பெற்ற குழுவின் நடைதூரம், 12 வாரத்தில் 315 மீட்டரிலிருந்து 362 மீட்டராக உயர்ந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் அது 270-லிருந்து 204-ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் எட்டுப் பேர் இறந்தனர். எட்டுப் பேரும் இரண்டாம் குழுவினர்.

அந்த மருந்து உயிர் காத்தது. ஆனால், அது இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும். ஆகவே, நெஞ்சில் பொருத்திய குழாய் வழியே, ஒரு சிறு பம்பின் உதவியால் இரவும் பகலும் செலுத்த வேண்டும். குளிக்கும்போதும் உறங்கும்போதும் பம்பு உடனிருக்கும். திடீரென நின்றால் ஆபத்து. இந்தச் சுமையை மீட்டர் கணக்கு காட்டுமா?

நோயாளியையே கேட்போம்

காட்டாது. அதனால்தான் நோயாளியிடமே கேட்கும் வினாப்பட்டியல்கள் உருவாயின. பிரிட்டனில் உருவாகி 2014-இல் வெளியான எம்ஃபசிஸ்-10 அவற்றுள் ஒன்று. அதில் பத்து வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 50-ஐ நெருங்க நெருங்க, வாழ்க்கை அவ்வளவு கடினம் என்று பொருள். மூச்சிரைப்பு, களைப்பு மட்டுமன்றி, வெளியிடங்களில் இருக்கும் தன்னம்பிக்கை, பிறருக்குச் சுமையாகிவிட்டோமோ என்ற எண்ணம் ஆகியவற்றையும் அது கேட்கிறது.

“இது வெறும் கருத்துதானே ஆசிரியர், அறிவியலா?” என்று நீங்கள் கேட்கலாம். எல்லாருக்கும் ஒரே வினாக்கள், ஒரே அளவுகோல். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே, இதுவும் முறையான அளவீடுதான். அழுத்தம், நடைதூரம், நோயாளியின் பதில் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முழு உண்மை கிடைக்கும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. நடைச் சோதனையில் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் யாவை?
2. ஒரு நோயாளியின் நடைதூரம் 40 மீட்டர் கூடியது. வினாப்பட்டியல் புள்ளி மாறவில்லை. நீங்கள் மருத்துவராக இருந்தால், அவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?