அலையும் கம்பியும்: உயர்தரப் பௌதிகவியல் மாணவருக்கு



உயர்தரப் பௌதிகவியலில் 'அலைவுகளும் அலைகளும்' மூன்றாம் அலகு. சடப்பொருளின் பொறிமுறை இயல்புகள் பத்தாம் அலகு. இடையிலே ஆறு அலகுகள் கிடப்பதாலோ என்னவோ, இவை ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு பாடங்கள் என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர். மாலையானதும் கொப்பிக் கட்டோடு நெல்லியடிச் சந்தியால் சைக்கிளிற் போகும் பிள்ளைகளில் ஒருவரை மறித்து, அலையின் வேகத்துக்குச் சூத்திரம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். இழைக்கு ஒன்று, கோலுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று மளமளவென ஒப்புவிப்பார். ஏன் அப்படி என்று கேட்டால் விழிப்பார். பரீட்சை வினா தொடங்குவதோ அந்த 'ஏன்' என்ற இடத்திற்றான். ஆகவே இன்று இவ்விரு அலகுகளையும் ஒன்றாக வைத்து மீட்டுவோம்.

தைப்பொங்கலை ஒட்டி வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டம் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். பட்டத்தின் தலையில் வில்லாக வளைத்த மூங்கிலிற் கட்டிய நாடாவை நாம் 'விண்' என்கிறோம். காற்றுப் பட்டதும் அது கூவும். விண் கட்டத் தெரிந்தவர் எவருக்கும் மூன்று விடயங்கள் தெரியும்: இறுக்கிக் கட்டினாற் குரல் உயரும், நீளமாகக் கட்டினால் தாழும், பாரமான நாடாவைக் கட்டினாலும் தாழும். சுரமானிப் பரிசோதனையில் நீங்கள் வரையும் வரைபுகள் அத்தனையும் இந்த மூன்று வசனங்களுக்குள் அடக்கம். இழையின் அலைவேகம் = √(இழுவை ÷ அலகு நீளத் திணிவு). அடிப்படைச் சுரத்தில் இரு முனைகளும் கணுக்கள், நடுவிலே முரண்கணு. ஆகவே இழையின் நீளம் அரை அலைநீளம். மீடிறன் = வேகம் ÷ (2 × நீளம்).

இப்போது இந்தச் சூத்திரத்தின் உருவத்தைப் பாருங்கள். மேலே இருப்பது, குலைந்த இழையைப் பழைய நிலைக்கு இழுக்கும் காரணி. கீழே இருப்பது, அசைய மறுக்கும் சடத்துவம். மீட்பது வலிதானால் அலை விரையும். சடத்துவம் கூடினால் அலை மந்தமாகும். இனிக் கோலிலே செல்லும் நெட்டாங்கு அலையை எடுத்தால் மேலே யங்கின் மட்டு, கீழே அடர்த்தி. வாயுவில் மேலே அமுக்கத்தையும் வெப்பக் கொள்ளளவு விகிதத்தையும் பெருக்கியது, கீழே அடர்த்தி. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். நியூற்றன் பெருமானே வாயுவின் கணக்கிற் சறுக்கினார். நெருக்கமும் ஐதாக்கமும் சமவெப்ப முறையில் நிகழ்வதாகக் கொண்டதால் அவருடைய வழியில் வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 280 மீற்றர் என்றே வருகிறது. பூச்சியம் பாகை செல்சியசில் உண்மை வேகம் 331 மீற்றர். வெப்பம் வெளியேற நேரமில்லை, நிகழ்வு சேறலிலி முறையானது என்று பின்னர் திருத்தியவர் லாப்பிளாசு.

இனி வருவதைக் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாசியுங்கள். 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் கம்பி ஒன்றிலே 4 கிலோகிராம் திணிவைத் தொங்கவிடுகிறோம். இழுவை ஏறக்குறைய 39 நியூற்றன். குறுக்குவெட்டுப் பரப்பு 1.96 × 10⁻⁷ சதுர மீற்றர். தகைப்பு ஏறக்குறைய 2 × 10⁸ பஸ்கால். உருக்கின் யங்கின் மட்டு 2 × 10¹¹ பஸ்கால் எனக் கொண்டால் விகாரம் ஆயிரத்தில் ஒன்று. அதாவது ஒரு மீற்றர்க் கம்பி ஒரு மில்லிமீற்றர் நீளும். இதுவரை பத்தாம் அலகு.

அதே கம்பியைச் சுண்டிவிடுங்கள். அலகு நீளத் திணிவு என்பது பரப்பை அடர்த்தியாற் பெருக்கியதே. இழுவையைப் பரப்பால் வகுத்தால் தகைப்பு. ஆகவே குறுக்கலையின் வேகம் = √(தகைப்பு ÷ அடர்த்தி). உருக்கின் அடர்த்தி கன மீற்றருக்கு 7800 கிலோகிராம். வேகம் செக்கனுக்கு 160 மீற்றர். பாலங்களை 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்தால் அடிப்படை மீடிறன் 160 ஹேர்ட்ஸ். அதே கம்பியில் நெட்டாங்கு அலையின் வேகம் √(யங்கின் மட்டு ÷ அடர்த்தி), செக்கனுக்கு ஏறக்குறைய 5060 மீற்றர். முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். அடர்த்தி வெட்டுப்பட்டுப் போகும்; எஞ்சுவது √(தகைப்பு ÷ யங்கின் மட்டு), அதாவது √விகாரம்! இரண்டு அலகுகளும் சந்திக்கும் சந்தி இதுதான். இதை ஒருமுறை தாமாகவே பெறுவித்த மாணவன் சூத்திரங்களை ஆயுளுக்கும் மறவான் என்பது என் எண்ணம்.

வழமையாகப் புள்ளி பறிபோகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். விட்டத்தை ஆரை என்று எடுத்தாற் பரப்பு நான்கு மடங்காகிவிடும். (மாணவனாக இருந்தபோது அடியேனும் இதைச் செய்து, கெட்டித்தனமாக அடிக்கோடும் இட்டவன்.) நுண்மானித் திருகுக் கணிச்சியின் இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர். 0.5 மில்லிமீற்றர்க் கம்பிக்கு அது நூற்றுக்கு 2 வழு; பரப்பில் விட்டம் வர்க்கமாக வருவதால் யங்கின் மட்டில் நூற்றுக்கு 4 ஆகும். நீளத்தைச் சாதாரண மீற்றர்க் கோலால் அளக்கலாம், விட்டத்தை மாத்திரம் ஏன் பல இடங்களில், செங்குத்தான இரு திசைகளில் அளக்கிறோம் என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது கம்பியை அதே வளையிலிருந்து தொங்கவிடுவது எதற்காக? வளை தாழ்ந்தாலும் வெப்பநிலை மாறினாலும் இரண்டு கம்பிகளுக்கும் ஒரே அளவிற் பாதிப்பு. வித்தியாசத்தை எடுக்கும்போது அது நீங்கிவிடும்.

அலைப் பகுதியிலே பெரும் தவறு ஒன்று: அலை ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது மீடிறன் மாறும் என்று எழுதுவது. மாறாது. மீடிறனைத் தீர்மானிப்பது அலையைப் பிறப்பித்த முதல். மாறுவன வேகமும் அலைநீளமுமே.

இதை விளக்க நமது கரை கண்ட உதாரணம் ஒன்றுண்டு. சொல்ல மனம் கூசினாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 மார்கழி 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலை, சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. பருத்தித்துறை முதல் வடமராட்சி கிழக்கு வரை நம் கரையோரக் கிராமங்கள் பறிகொடுத்த உயிர்கள் பல. அலைநீளம் ஆழத்தைவிட மிகப் பெரிதாயின், நீரில் அலைவேகம் = √(ஈர்ப்பு ஆர்முடுகல் × ஆழம்). 4000 மீற்றர் ஆழத்துக்குப் பிரதியிடுங்கள்: செக்கனுக்கு 200 மீற்றர், மணிக்கு 720 கிலோமீற்றர். ஆவர்த்தன காலம் 20 நிமிடம் என்று கொண்டால் அலைநீளம் 240 கிலோமீற்றர். வங்கக் கடலின் நடுவிலே செய்மதி அளந்த உயரமோ அரை மீற்றருக்குச் சற்றுக் கூட. தோணியில் இருப்பவர் உணரமாட்டார். 10 மீற்றர் ஆழத்துக்கு வந்ததும் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், அலைநீளம் 12 கிலோமீற்றர். ஆவர்த்தன காலம் அதே 20 நிமிடம். பரந்து கிடந்த சக்தி நெருங்குவதால் வீச்சம் எழுகிறது. முதல் அலை வடிந்ததும் கரைக்குத் திரும்பியோர் பல இடங்களில் அடுத்ததில் அகப்பட்டது, ஆவர்த்தன காலம் அவ்வளவு நீண்டதாக இருந்தபடியாற்றான்.

தாய்லாந்தின் புக்கெட் தீவிலே பத்து வயது ஆங்கிலச் சிறுமி ரில்லி சிமித், கடல் பின்வாங்குவதைக் கண்டு, இரு வாரம் முன் வகுப்பிற் படித்ததை நினைத்துப் பெற்றோரை எச்சரித்தாள். கடற்கரையில் இருந்தோர் தப்பினர். ஆனால் கவனியுங்கள்: கடலடி மேற்குப் பக்கம் உயர்ந்து கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்துக்கு முதலிற் சென்றது தாழி. நமக்கு முதலில் வந்தது முடி. கடல் வற்றினால் ஓடுவோம் என்று காத்திருப்பவருக்கு நம் கரையில் அந்த அறிவிப்புக் கிடைக்காமலே போகலாம். எச்சரிக்கை கேட்டதும் கரையை விட்டு விலகவேண்டும். பெற்றோரும் இதைக் குறித்துக்கொள்க.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. உருக்குக் கம்பி ஒன்றில் குறுக்கலையின் வேகம் நெட்டாங்கு அலையின் வேகத்திற் பத்தில் ஒரு பங்காக வேண்டுமாயின், கம்பியின் விகாரம் எவ்வளவாக இருத்தல் வேண்டும்? அதற்கான தகைப்பைக் கணித்து, விகிதசம எல்லைக்குள் அது அமையுமா என்பதை ஒரு வரியில் எழுதுக. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.