ரிமோட் கையில் இருக்கிறது. கால் எங்கே இருக்கிறது?

கேள்வி: பெங்களூரில் பல வருடமாகப் பழைய கட்டடங்களை இடித்துக் கொடுக்கும் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறேன். இப்போது சிக்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் மூன்று மாடிக் கட்டடம் வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டுச்சுவர். ஜே.சி.பி. நுழையாது. ரிமோட்டில் ஓடும் இடிப்பு மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. ‘உள்ளே ஆள் உட்காரவே வேண்டாம், ஆபத்தே கிடையாது’ என்கிறார் வாடகைக்கு விடுபவர். என் அக்கா மகன் மொபைல் கேமில் கில்லாடி. இரண்டே நாளில் பழகிவிடுவேன் என்கிறான். நம்பி இறங்கலாமா? மெஷினைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போகலாமா?

– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: வாடகைக்கு விடுபவர் சொன்னதில் பாதி நிஜம். 2017 மே 31 அன்று சென்னை தி.நகரில் தி சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது நினைவிருக்கும். மிச்சத்தை இடித்துத் தள்ளும் வேலையில் ஜா கட்டர் மெஷினை ஓட்டிய இளைஞர், மேலிருந்து இடிபாடு விழுந்து உயிரிழந்தார். கேபினுக்குள் ஆள் இல்லாத மெஷினின் அருமை அங்கேதான் தெரியும். தளம் சரிந்தால் இரும்பு போகும், உயிர் போகாது.

ஆனால் கேபினிலிருந்து இறங்கிய ஆள் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. ரிமோட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே நடக்கிறார். தலைக்கு மேல் இருந்த ஆபத்து இப்போது பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. இந்த மெஷினால் வரும் விபத்துகளில் அடிக்கடி நடப்பது இதுதான்: மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் சிக்கிக்கொள்வது, அல்லது மெஷின் விரித்து ஊன்றும் கால் ஆளின் பாதத்தின் மேல் இறங்குவது. கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது யாரும் கிட்டே போவதில்லை. தூசும் சத்தமும் துரத்திவிடும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்த்தும்போதுதான் ‘கேபிள் மாட்டிக்கிச்சு’ என்று குனிந்துகொண்டு அருகே போவார்கள். இடுப்பு ரிமோட்டின் ஜாய்ஸ்டிக் கதவு நிலையில் இடித்தால் போதும், மெஷின் நகர்ந்துவிடும்.

அதனால் உங்கள் சைட்டில் ஒரே ஒரு விதியைக் கறாராக வையுங்கள். மெஷினைத் தொட வேண்டுமானால், உளி மாற்ற வேண்டுமானால், கேபிளை இழுக்க வேண்டுமானால், முதலில் மோட்டார் நிற்க வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் அமுக்கி, ரிமோட்டைக் கழற்றி வைத்த பிறகுதான் கிட்டே போகலாம். பத்தடி அகல அறைகளில் மெஷினோடு சேர்ந்து உள்ளே நிற்கவே இடமில்லை; வாசலுக்கு வெளியே, மெஷினின் கை முழுதாக நீண்டாலும் எட்டாத இடத்தில் நின்று ஓட்டட்டும்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். விரல் வேகத்தில் அவன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். மெஷின் அவனைப் பார்த்தபடி திரும்பி நிற்கும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். மேல் பாகம் பாதி சுற்றியிருந்தால் ட்ராக் எந்தப் பக்கம் ஓடும் என்பதே குழப்பம். பதறிய நேரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். வாடகைக்கு விடுபவரிடமிருந்து, கை பழகிய ஆபரேட்டரோடு சேர்த்து மெஷினை எடுங்கள். பையன் கூட நின்று கற்கட்டும். முதலில் தரைத்தளத்தில், காலி இடத்தில், உளி மாட்டாமல்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. மெஷினை மேலே ஏற்றினால் தளம் தாங்குமா? குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் கணக்கிடப்படுகிறது. சிறிய ரகத்திலேயே ஒரு டன் வருகிற மெஷின்கள் உண்டு. நான்கு கால் ஊன்றி நின்றால் எடை பரவும் என்று தோன்றும். ஆனால் கையை ஒரு பக்கம் நீட்டி அழுத்தும்போது பெரும்பகுதி எடை இரண்டு கால்களுக்குப் போய்விடும். உள்ளங்கை அகலப் பாதம். அதன் அடியில் பழைய சிலாப். கனமான பலகை போட்டுத்தான் கால் ஊன்ற வேண்டும். கீழ்த்தளங்களில் ஜாக்கி முட்டு கொடுக்க வேண்டும். எத்தனை, எங்கே என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதிக் கொடுக்கட்டும், மேஸ்திரி கணக்கு வேண்டாம்.

மெஷினை விட மோசம் குப்பை. உடைத்த கான்கிரீட் ஓரடி உயரம் குவிந்தாலே சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும், அதாவது தளத்தின் கணக்கைப் போல இரண்டு மடங்கு. ‘சாயங்காலம் மொத்தமாக இறக்கிக்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

சிக்பேட்டைப் பழைய கட்டடம் என்கிறீர்கள். மொட்டை மாடிப் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பாருங்கள். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால், அதன் மேல் எந்த மெஷினையும் ஏற்றாதீர்கள். அந்த மாடியைக் கையாலேயே பிரித்து இறக்குங்கள். ஒட்டுச்சுவரும் அப்படித்தான். மெஷினின் கை முனையில் உடைக்கும் பிரேக்கரின் அதிர்வு பக்கத்து வீட்டுக்குள் போய்ச் சேரும். முதலில் ரம்பத்தால் அறுத்துப் பிரித்துவிட்டு மெஷினை உள்பக்கத்தில் மட்டும் ஓட்டுங்கள். படியேறும் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும். உங்கள் படிக்கட்டு தாங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: இந்த வகை மெஷின்களில் பெரும்பாலானவை த்ரீ-பேஸில் ஓடுபவை. பெஸ்காமில் தற்காலிக இணைப்போ, மோட்டாரை விடத் தாராளமான ஜெனரேட்டரோ வேண்டும். எர்த்திங்கும் கசிவு மின்சாரத்தில் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரும் இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள். தூசுக்குத் தண்ணீர் பீய்ச்சுவீர்கள் அல்லவா? அதே தண்ணீர்தான் கேபிள் மேலும் தேங்கும்.

கடைசியாக வண்டி. குட்டி யானை சுமார் முக்கால் டன்னுக்கான வண்டி; ஒரு டன் மெஷினை அதில் ஏற்றினால் மெஜஸ்டிக் தாண்டுவதற்குள் வம்பு. பிக்கப் வேனோ சின்ன லாரியோ எடுங்கள், ஆர்.சி.யில் உள்ள சுமைக் கணக்கைப் பார்த்து. சாய்பலகையில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று ‘வா, வா’ என்று கை காட்டும் ஆளை முதலில் விலக்குங்கள். கால்கள் மடக்கியிருக்கும் அந்த நேரத்தில்தான் மெஷின் எளிதில் சாயும். பிரேக்கரைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். கையை மடக்கி, மெயின் சுவிட்சை அணைத்து, ரிமோட்டின் பேட்டரியை எடுத்து டிரைவர் பையில் போடுங்கள். கட்டுவதற்கென்று மெஷினிலேயே வளையங்கள் உண்டு. நாலு பக்கமும் செயினோ ராட்செட் பெல்ட்டோ போட்டு இறுக்க வேண்டும். தேங்காய்நார்க் கயிறு இதற்கு ஆகாது.

2025 ஏப்ரலில் எலகங்கா அருகே கோகிலு கிராஸில், மெட்ரோ பாலத்துக்கான கான்கிரீட் உத்தரம் நள்ளிரவில் டிரெய்லரிலிருந்து சரிந்து ஆட்டோ மேல் விழுந்து, ஆட்டோ ஓட்டுநர் இறந்தார். உங்கள் சுமை அதன் கால்தூசிக்குப் பெறாது. ஆனாலும் சிக்பேட்டைச் சந்தில் நடந்து போகிறவர் மேல் விழ ஒரு டன் தாராளம். நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்குத் தடை உள்ள சாலைகள் எவை என்று போக்குவரத்துப் போலீசிடம் கேட்டு வையுங்கள். விடிகாலையில், கடைகள் திறப்பதற்கு முன் இறக்குவது நல்லது.

இன்னொன்று. உங்கள் ஆட்களில் தமிழ், கன்னடம், இந்தி, வங்காளம் எல்லாம் கலந்திருக்கும். பிரேக்கர் சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் ‘நிறுத்து’ என்று முதல் நாளே எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள். சல்லி வாரும் பெண் தூக்கினாலும் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.