ஐசோடோப்பு பிணைப்பை மாற்றுமா?

வேதியியல் பட்டப்படிப்பில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஆய்வகத்திலேயே வயதானவன் சொல்வது.

1. ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகளுக்கு வேதிப்பண்பு ஒன்றே என்று பள்ளியில் மனப்பாடம் செய்தீர்கள். அதை மறக்க வேண்டாம். அதோடு நின்றுவிடவும் வேண்டாம். பிணைப்பைப் போடுவது எலக்ட்ரான். நியூட்ரான் கூடினாலும் புரோட்டானின் எண்ணிக்கை மாறாது, எலக்ட்ரானின் எண்ணிக்கையும் மாறாது. கார்பன்-12க்கு நான்கு பிணைப்பு என்றால் கார்பன்-14க்கும் நான்குதான்.

2. கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிணைப்பு உண்டாகும் என்பது ஒன்று. உண்டான பிணைப்பு எப்படி அதிரும், அறுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது வேறு. நிறைக்கு வேலை இரண்டாவதில்தான்.

3. ஹைட்ரஜனிடம் அதிக நேரம் செலவிடுங்கள். 1931இல் ஹரால்டு யூரே கண்டுபிடித்த டியூட்டிரியம், சாதாரண ஹைட்ரஜனைப்போல் இரு மடங்கு நிறை உடையது. வேறு எந்தத் தனிமத்தின் நிலையான ஐசோடோப்புகளிலும் இவ்வளவு வேறுபாடு கிடையாது. பிணைப்பு ஒரு சுருள்வில் என்றால், அந்த வில்லின் விறைப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் எந்த மூலக்கூறும் முழுக்க ஓய்வதில்லை. தனிச்சுழி வெப்பநிலையிலும் சிறிது அதிர்ந்துகொண்டே இருக்கும். கனமான அணுவுக்கு அந்த அதிர்வின் ஆற்றல் குறைவு. அது பிணைப்பின் ஆற்றல் பள்ளத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. மேலேற்றிப் பிரிக்கக் கூடுதல் ஆற்றல் கேட்கும். சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் போதும், டியூட்டிரியத்துக்கு 443 வேண்டும். சிறிய வேறுபாடுதானே என்று விட்டுவிடாதீர்கள். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு அறுவதே வேகத்தைத் தீர்மானிக்கும் வினைகளில், டியூட்டிரியத்தை வைத்தால் அறை வெப்பநிலையில் வேகம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறையக்கூடும்.

4. இதைப் படித்தால் மட்டும் போதாது, குறுக்கிய நிறையைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். கார்பன்–ஹைட்ரஜனுக்கு அகச்சிவப்பில் 2900 செ.மீ⁻¹ அருகே வரும் அலைஎண், கார்பன்–டியூட்டிரியத்துக்கு 2100 அருகே இறங்குவது தாளிலேயே தெரியும்.

5. கருவியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடின் நிறமாலையில் ஒவ்வொரு கோடும் இரட்டையாக விழுந்ததைக் கண்டு கருவி கெட்டுவிட்டது என்று முதல் வருடத்தில் நான் புகார் எழுதினேன். அது குளோரின்-35, குளோரின்-37. இடைவெளி சுமார் 2 செ.மீ⁻¹. கன அணுக்களில் விளைவு அவ்வளவுதான்.

6. இது ஏட்டுக்கணக்கு அல்ல. டியூட்டிரியம் கொண்ட கனநீர் 3.8 டிகிரி செல்சியசிலேயே உறையும். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டியூடெட்ராபெனசின் மருந்தில் ஆறு ஹைட்ரஜன் இடங்களில் டியூட்டிரியம் இருக்கிறது. உடல் அதை மெதுவாகச் சிதைப்பதால் மருந்து கூடுதல் நேரம் நிற்கிறது.

7. நம் ஊர்ச் சான்றும் உண்டு. ஹைட்ரஜன் வாயுவும் அம்மோனியாவும் அணுக்களைப் பரிமாறிக்கொள்ளும்போது டியூட்டிரியம் அம்மோனியாவின் பக்கம் கூடுதலாகச் சேரும். அந்தச் சிறு சாய்வை வைத்துத்தான் தூத்துக்குடியில் கனநீர் தயாரித்தார்கள்.