போதை நோய்க்கு வைத்தியமும் பண உதவியும்



வீட்டுப் பிள்ளை போதையில் விழுந்துவிட்டான் என்று தெரிந்தால் நம்மவர்கள் முதலில் மூடி மறைக்கிறார்கள். மறைக்க முடியாமற் போனபின் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறார்கள். இவ்விரண்டுக்கும் முன் செய்யவேண்டியது விசாரிப்பது. கையில் காசில்லாதவனுக்கும் இந்நாட்டில் வைத்தியம் உண்டு.

இந்தத் துன்பம் நம் ஊருக்குப் புதிதல்ல. கும்பெனியார் காலத்திலேயே பினாங்கில் அபின் விற்கும் உரிமையை ஏலம் விட்டு வருமானம் தேடினார்கள். இங்கே பிறந்த டாக்டர் வூ லியன் தே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எதிர்த்து இயக்கம் நடத்தினார்.

முதலில் அறியவேண்டியது, இது நீண்ட நோய் என்பது. ஹெராயினை நிறுத்தினால் உடல் நோவு சில நாட்களில் தணியும். ஆசை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒரே மாதத்தில் கைப்பொருள் முழுவதையும் கொட்டும் வைத்தியத்தைவிட, நெடுநாள் தாங்கக்கூடிய வைத்தியமே மேலானது.

வழி ஒன்று: அரசாங்கக் கிளினிக். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் என்ற மருந்தை 2005 முதல் நம் நாட்டில் கொடுக்கிறார்கள். நாளுக்கு ஒரு முறை குடிக்கும் மருந்து. சரியான அளவில் குடித்தால் மயக்கம் தராது. நோவையும் ஆசையையும் அடக்கும். ஆள் வேலைக்குப் போகலாம். குடிமக்களிடம் இதற்கு விலை வாங்குவதில்லை. குடிமகன் அல்லாதவருக்குக் கட்டணம் வேறு, முன்னதாகக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஷாபு பழக்கத்துக்கு மெத்தடோன் உதவாது. அதற்கு ஆலோசனையும் ஒழுங்கான கண்காணிப்புமே முக்கிய வைத்தியம். புத்தி தடுமாற்றம் கண்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வழி இரண்டு: தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், அதாவது ஏ.ஏ.டி.கே. 1983ஆம் வருஷத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, நோயாளி தானாகவே வந்து சிகிச்சை கேட்க இடம் தருகிறது. பிடிபட்டபின் போவதைவிடத் தானாகப் போவது நல்லது.

மார்க்கத்துக்கு ஒவ்வாதோ என்று தயங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும். 2010ல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், மலாயாப் பல்கலைக்கழக வைத்தியர்களின் துணையோடு, தொழுகையும் நல்லுபதேசமும் சேர்த்து மெத்தடோன் வழங்கத் தொடங்கினார்கள்.

வழி மூன்று: தனியார் விடுதி. நானறிந்த ஒரு தாயார் வளையல்களை அடகு வைத்து ஓர் இடத்தில் முன்பணம் கட்டினார். மூன்று வாரத்தில் பணம் தீர்ந்தது. மகன் வீடு திரும்பினான். அதன் பிறகுதான் அரசாங்க வைத்தியம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆதலால் பணம் கட்டுமுன் கேளுங்கள்: அரசாங்க அனுமதி உண்டா? வைத்தியர் உண்டா? மொத்தச் செலவு எவ்வளவு? பாதியில் வந்தால் பணம் திரும்புமா? தவணை உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடையில் சரக்கெடுக்கும்போது பட்டியல் கேட்கிறோம். பிள்ளையின் உயிர் விஷயத்தில் கேட்கக் கூடாதா?

இனி உதவிப் பணம். ஸகாத் பெறும் எட்டு வகையாரை அத்தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் சொல்கிறது. ஏழைகளும் கடன்பட்டோரும் அதில் உள்ளனர். சம்பாதிப்பவர் சிகிச்சையில் இருக்கையில், வாடகைக்கும் சோற்றுக்கும் வழியற்ற குடும்பம் ஸகாத் புலாவ் பினாங் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாளக் கார்டு, வருமான விவரம், வாடகைச் சீட்டு, வைத்தியர் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சமூக நல இலாகாவிலும் கேட்கலாம். உரிமையுள்ளவன் கேட்பது இரப்பதாகாது.

இரண்டு எச்சரிக்கைகள். சில வாரம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவு ஹெராயினை மறுபடி எடுத்தால் உயிர் போகலாம். உடல் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். குடியையும் தூக்க மாத்திரையையும் நெடுநாள் பழகியவர் வைத்தியர் இல்லாமல் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே அறையில் பூட்டிவைப்பது வைத்தியமல்ல.

ஜமாஅத்தார் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. கிளினிக்குக்கு உடன் செல்ல ஓர் ஆள், பஸ் செலவுக்குச் சிறு தொகை, குணமானவனுக்குக் கடையில் ஒரு வேலை. ஊர் வாயை மூடிக்கொண்டால், தாய்மார் வாய் திறந்து உதவி கேட்பார்கள்.

வஸ்ஸலாம்.