படமும் மாதிரிதான்

நிலக்கடலை வாங்க வருபவர் எடுத்தவுடன் விலை பேசுவதில்லை. சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். நாலு காயை உடைத்துப் பார்ப்பார். பருப்பை வாயில் போட்டு மென்ற பிறகே பேச்சு. ஆலங்குடிக் கடலையைச் சென்னையில் இருப்பவருக்குக் கைப்பேசியில் காட்டும்போது, அந்த ஒரு பிடி மாதிரியின் வேலையைப் படம்தான் செய்கிறது.

நாம் அனுப்பும் படங்களோ பெரும்பாலும் மங்கல். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் புது உளுந்தும் பழையதாகத் தெரியும். நல்ல சரக்கு படத்தால் விலை குறையலாமா?

பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படங்களின் உரிமம் விற்கும் நிறுவனங்கள் உண்டு. ஐஸ்டாக் 2000-இலும் ஷட்டர்ஸ்டாக் 2003-இலும் தொடங்கின. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரும் இவற்றுக்கு அனுப்பலாம். ஆனால் சோதித்த பிறகே ஏற்பார்கள். அந்தச் சோதனையை நம் படங்களுக்கும் நாமே வைத்துக்கொள்வோம்.

1. வெளிச்சம்: பல்பை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத வாசல் அல்லது ஜன்னல் ஓரத்தில் சரக்கை வையுங்கள். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருட்டு குறையும். பிளாஷ் வேண்டாம், பாலித்தீன் பாக்கெட்டில் பளிச்சென்று அடித்து எழுத்தை மறைத்துவிடும்.

2. தெளிவு: எண்ணெய்க் கை பட்ட லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். கைப்பேசியை ஒரு டின் மீது சாய்த்து வைத்தால் ஆடாது. எடுத்த பின் படத்தைப் பெரிதாக்கி, பருப்பின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

3. அளவு: ஷட்டர்ஸ்டாக் குறைந்தது 4 மெகாபிக்சல், அதாவது 40 லட்சம் புள்ளிகள் கேட்கிறது. 12 மெகாபிக்சல் படத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி வெட்டினால் மிஞ்சுவது 3 மட்டுமே. எனவே பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று தூரத்தில் நிற்காமல், பக்கத்தில் போய் எடுங்கள்.

4. பின்னணி: வெள்ளை சார்ட் அட்டையைச் சுவரிலிருந்து மேசை வரை மடிப்பு விழாமல் வளைத்து விரித்தால் போதும். அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்துக்கு வெள்ளைப் பின்னணியையே கேட்கின்றன.

5. அனுப்புதல்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

6. அனுமதி: உரிமம் விற்கும் நிறுவனங்கள், முகம் தெரியும் ஆளின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விளம்பரப் படத்தை ஏற்பதில்லை. நம் கடைப் பையன், வாடிக்கையாளர் முகத்துக்கும் இதே மரியாதை வேண்டும். பிறர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்து நம் சரக்கென்று போடுவது பதிப்புரிமைச் சட்டத்துக்கும் விரோதம், வியாபார தர்மத்துக்கும் விரோதம்.

கடைசியாக ஒன்று. கைப்பேசியில் நிறத்தைக் கூட்டும் வசதி உண்டு. மங்கிய மஞ்சளைப் பளபளப்பாகக் காட்டி ஒரு லோடு விற்றுவிடலாம். லாரி போய் இறங்கியதும் அதே சரக்கு திரும்பி வரும், போக்குவரத்துக் கூலியும் நம் தலையில். மூட்டையின் மேலே நல்லதையும் அடியில் கழிவையும் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வெளிச்சத்தைத் திருத்துங்கள், சரக்கின் நிறத்தைத் திருத்தாதீர்கள். படத்தையும் மூட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.