பிறப்பால் வரும் இகழ்ச்சியும் அதற்குரிய மறுமொழியும்



ஒருவருடைய குணத்தையும் செயலையும் ஆராயாமல், அவர் பிறந்த இனத்தையும் உடலின் நிறத்தையும் கொண்டே அவரைத் தாழ்ந்தவர் என முடிவு செய்வது இன வெறுப்பாகும். நம் ஆன்றோர் விலக்கச் சொன்ன எண்வகைச் செருக்குகளுள் குலச் செருக்கும் உடற் செருக்கும் அடங்கும். அச்செருக்கு தனி மனிதர் உள்ளத்தில் இருக்கும்வரை அது அவருடைய குற்றம். சட்டமாக எழுதப்பட்டுவிட்டால் அது நாட்டின் குற்றமாகிறது. அவ்வாறு தாழ்த்தப்பட்ட மக்கள் எவ்வாறு மறுமொழி தந்தனர் என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய்வோம்.

சட்டமான செருக்கு

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருப்பின் இரு இனத்தாரையும் பிரித்து வைக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. சமம் என்பது ஏட்டளவில் நின்றது, பிரிவினையே நடைமுறையாயிற்று.

அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், பேருந்தின் முதல் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. அவை காலியாக இருந்தாலும் கறுப்பின மக்கள் அமரலாகாது. முன்வாயிலில் கட்டணம் செலுத்திவிட்டு, இறங்கிச் சென்று பின்வாயில் வழியாக ஏறும்படி அவர்கள் பணிக்கப்படுவதும் உண்டு. பயணிகளுள் பெரும்பான்மையோர் கறுப்பின மக்களே என்பது எண்ணத்தக்கது.

நால்வகை மறுமொழிகள்

இகழப்படுவோர் தரும் மறுமொழியை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, இகழ்ச்சியைத் தாமே நம்பிவிடுதல். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர்களான தம்பதியர், 1940-களில் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளை நிறப் பொம்மையையும் பழுப்பு நிறப் பொம்மையையும் வைத்து, நல்ல பொம்மை எதுவெனக் கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். வெறுப்பு செய்யும் கொடுமைகளுள் இதுவே மிகக் கொடியது.

இரண்டாவது, இடம் பெயர்தல். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வெளியேறினர். மூன்றாவது, வெறுப்புக்கு வெறுப்பையே திருப்பித் தருதல். நான்காவது, தீங்கு செய்யாமலும் தீங்குக்கு உடன்படாமலும் நிற்றல். மாண்ட்கோமரி மக்கள் தேர்ந்தது இந்த நான்காம் வழியை.

381 நாள் நோன்பு

1955 டிசம்பர் 1 அன்று மாலை, தையற்பணி செய்துவந்த ரோசா பார்க்ஸ் என்னும் 42 வயதுப் பெண்மணி வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார். வெள்ளையர் ஒருவர் அமர்வதற்காக, அவ்வரிசையிலிருந்த நால்வரையும் எழும்படி ஓட்டுநர் ஆணையிட்டார். மற்ற மூவரும் எழுந்தனர். ரோசா பார்க்ஸ் மறுத்தார். கைது செய்யப்பட்டார்.

அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை, விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சைக்ளோஸ்டைல் செய்தார். டிசம்பர் 5 முதல் மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். 26 வயதே நிரம்பிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார். வீட்டு வேலை செய்யும் பெண்கள் பல மைல் நடந்தனர். சுமார் 300 சொந்த வாகனங்கள் முறை வைத்து மக்களை ஏற்றிச் சென்றன. ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணி, மற்றப் பெண்களுடன் சேர்ந்து உணவும் தின்பண்டமும் விற்று நிதி திரட்டினார்.

1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உயிர் தப்பினர். சினங்கொண்ட மக்கள் சிலர் ஆயுதங்களுடன் திரண்டனர். கிங் அவர்களை அமைதிப்படுத்தி வீடு திரும்பச் செய்தார். இம்முறையைக் காந்தியடிகளிடம் கற்றதாக அவரே கூறியுள்ளார். அக்காந்தியடிகள், தம் வாழ்வில் ஆழ்ந்து பதிந்தவர்களுள் ஒருவராக ஸ்ரீமத் ராஜசந்திரரைத் தம் சத்திய சோதனையில் போற்றுவதை நம் அன்பர்கள் அறிவர்.

1956 நவம்பர் 13 அன்று, பேருந்துப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்னும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மீண்டும் ஏறுமுன், மக்கள் தேவாலயங்களில் நாற்காலிகளைப் பேருந்துபோல் அடுக்கி, வசை கேட்டும் அடி பட்டும் திருப்பித் தாக்காதிருக்கப் பயின்றனர். பொறுமையும் பயிற்சியால் வருவதே. டிசம்பர் 21 அன்று, 381 நாட்களுக்குப் பின், அவர்கள் விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர்.

மறக்கலாகாத ஒரு பெயர்

ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 1955 மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்னும் 15 வயது மாணவி இருக்கையை விட மறுத்துக் கைதானார். அவருடைய இளமையையும் குடும்ப நிலையையும் எண்ணித் தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினர். ஆயினும் வென்ற வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களுள் அவரும் ஒருவர். இகழப்பட்டோர் நடுவிலும் மதிப்புக்குரியவர், அல்லாதவர் என்னும் பிரிவு நுழைந்துவிடுகிறது. தாழ்வு கற்பிக்கும் நோய் யாரையும் எளிதில் விடுவதில்லை.

வெற்றிக்குப் பின்னும் துன்பம் தீரவில்லை. பேருந்துகள் சுடப்பட்டன, தேவாலயங்கள் தகர்க்கப்பட்டன. வேலையிழந்த ரோசா பார்க்ஸ் 1957-இல் அந்நகரை விட்டே நீங்கினார்.

கொள்ளத்தக்க பாடம்

துன்பத்தை வாய் மூடித் தாங்குவதே அகிம்சை எனச் சிலர் கருதுகின்றனர். தாங்குவது அச்சத்தினாலும் நிகழலாம். அம்மக்கள் பகைவரையும் வெறுக்கவில்லை. பகைவரின் சட்டத்துக்கும் பணியவில்லை. இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் அகிம்சை முழுமை பெறுகிறது.

இல்லத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்து சிந்திக்க மூன்று வினாக்கள்:

1. பொறுமைக்கும் அச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை எவ்வாறு அறிவது?

2. கிளாடெட் கால்வினைப் போல நாம் பின்னே நிறுத்திவிட்டவர் எவர்?

3. பிறரைப் பற்றி நம் வீட்டில் நாம் பேசும் சொற்களைக் கேட்டு வளரும் குழந்தை, எந்தப் பொம்மையை நல்லதென்று காட்டும்?