விரைவும் தாமதமும்

நகரின் நடுவே அமைந்த சிறிய அலுவலகம் ஒன்றை மாணவர்கள் தம் மனக்கண்முன் நிறுத்திக் காண்க. அங்கே பத்துக் கணினிகள் உள்ளன. அவை கம்பிகளாலும் வைஃபை அலைகளாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, ரவுட்டர் என்னும் கருவியின் வழியாக இணையத்தோடு தொடர்பு கொள்கின்றன. காலை வேளையில் பணிகள் செவ்வனே நடைபெறுகின்றன. மாலை நான்கு மணி ஆனதும் நிலைமை மாறிவிடுகிறது. அனுப்பிய கடிதம் நகர மறுக்கிறது. திறந்த பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. ஐந்தரை மணிக்குப் பின் எல்லாம் தாமாகவே சீரடைகின்றன. மறுநாளும் இதே கதைதான்.

“அந்த மூலையில் இருக்கும் பழைய கணினியால்தான் இத்தனையும்” என்கிறார் ஒருவர். “ரவுட்டரை மாற்றினாலன்றி வேறு வழி இல்லை” என்கிறார் மற்றொருவர். “புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் மாலையில் திரைப்படம் பார்க்கிறார் போலும்” என்று மெல்லச் சொல்கிறார் மூன்றாமவர். மூவர் கூற்றும் ஊகமே. முதல் இரண்டு ஊகங்களை நம்பினால் பொருள் வீணாகும். மூன்றாவதை நம்பினால் குற்றமற்ற ஒருவரின் நற்பெயர் கெடும். நாடி பாராமல் மருந்து கொடுக்கும் மருத்துவனை எவரும் நம்புவதில்லை. அவ்வாறிருக்க, அளந்து பாராமல் கணினிக்கு மருந்து தேடுவது மட்டும் அறிவுடைமை ஆகுமா?

வலையமைப்பின் நோயை அறிய வேண்டுமானால், அது நலமாக இருக்கும்போது எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு கணினி மற்றொன்றுக்கு நீண்ட செய்தியை அனுப்பும்போது, அதனை ஒரே மூட்டையாக அனுப்புவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புகிறது. பதிவு அஞ்சலுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்ததைப் போல, பெறும் கணினி தனக்குக் கிடைத்தவற்றுக்கு ஒப்புகை அனுப்புகிறது. குறித்த காலத்திற்குள் ஒப்புகை வாராவிடின், பொட்டலம் வழியில் தொலைந்தது எனக் கருதி அனுப்பிய கணினி அதனை மீண்டும் அனுப்புகிறது. வழியில் அகன்ற பாதை முடிந்து குறுகிய பாதை தொடங்கும் இடங்களில் பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும். வரிசைக்குரிய இடம் நிரம்பிவிட்டால், பின்னர் வருபவை கைவிடப்படும். இவ்வளவே அதன் இயல்பு. ஆயினும், இந்த எளிய ஏற்பாட்டினுள் ஒரு பெரும் இடர் ஒளிந்திருந்தது. அமெரிக்க நாட்டுப் பொறியாளர் ஜான் நேகிள் என்பவர் 1984 ஆம் ஆண்டு சனவரித் திங்களிலேயே அதனைச் சுட்டிக்காட்டி, நெரிசலால் வலையமைப்பே நிலைகுலையக் கூடும் என எழுதினார். ஈராண்டுகள் கழித்து அவர் அஞ்சியது நிகழ்ந்தது.

கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்னும் ஊர் உள்ளது. அங்கே பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே குன்றின்மீது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அக்காலத்தில் இவ்விரு இடங்களின் கணினிகளுக்கும் இடையே 400 கஜத் தொலைவே இருந்தது. பொட்டலங்கள் இடைநிலைகள் சிலவற்றைக் கடந்து அத்தொலைவைச் சென்றடைந்தன. நல்ல நிலையில் நொடிக்கு 32,000 பிட்டுகள் அவ்வழியே சென்றன. 1986 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அந்த அளவு திடீரென நொடிக்கு 40 பிட்டுகளாக வீழ்ந்தது. அஃதாவது 800 இல் ஒரு பங்காகச் சுருங்கிற்று. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 8 பிட்டுகள் எனக் கொண்டால், 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் அரை நொடியில் சென்றிருக்க வேண்டும். இப்போது அதற்கு 400 நொடிகள், அஃதாவது 6 நிமிடம் 40 நொடி ஆகும். அப்பக்கத்தைத் தாளில் எழுதி ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தால், அவர் நடந்தே அதற்குமுன் கொண்டு சேர்த்திருப்பார்!

ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வான் ஜேக்கப்சன் என்பவரும், பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் என்னும் கணினி அமைப்பின் பெர்க்லி வடிவத்தை உருவாக்கி வந்த மைக் கேரல்ஸ் என்பவரும் இதன் காரணத்தைத் தேடத் தொடங்கினர். கம்பிகள் அறுபடவில்லை. கருவிகள் பழுதுபடவில்லை. ஒவ்வொரு கணினியும் தனக்கு விதித்த முறைப்படியே நடந்தது. எனினும் செய்தி செல்லவில்லை. ஏன் பழுதாயிற்று என்னும் வினாவுடன் இருவரும் நெடுநாள் போராடினர்; விடை கிடைக்கவில்லை. முன்பு அது எவ்வாறு ஒழுங்காக இயங்கிற்று என்பதே தமக்கு விளங்கவில்லை என்பதைப் பின்னர் அவர்கள் உணர்ந்தனர். வினா மாறியது, விடையும் கண்ணிற்பட்டது.

அவர்கள் கண்ட உண்மை வியப்புக்குரியது. தாமதத்திற்குக் காரணம் சோம்பல் அன்று, அவசரமே. ஒவ்வொரு கணினியும் தொடர்பு கிடைத்தவுடன் தன்னிடமுள்ள பொட்டலங்களை ஒரே மூச்சில் கொட்டிற்று. குறுகிய பாதையின் வாயிலில் வரிசை நிரம்பி, பல பொட்டலங்கள் கைவிடப்பட்டன. நெரிசலால் ஒப்புகைகளும் காலந்தாழ்ந்து வந்தன. அவற்றுக்காகப் பொறுத்திராமல் கணினிகள் அதே பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பின. எனவே, பாதை முழுவதும் முன்னரே சென்ற பொட்டலங்களின் படிகளால் நிறைந்தது. திருவிழாக் கூட்டத்தில் அனைவரும் ஒரே வேளையில் குறுகிய வாயிலை நோக்கி முண்டியடித்தால், ஒருவரும் வெளியேற இயலாமற் போவதில்லையா? அதுவே அங்கு நேர்ந்தது. ஒவ்வொருவரும் விரைந்தனர், அதனால் எல்லோரும் தாமதித்தனர்.

காரணம் விளங்கியபின் மருந்து அரிதாக இல்லை. பழைய பொட்டலம் ஒன்று வெளியேறிய பின்னரே புதியது ஒன்று உள்ளே செல்ல வேண்டும் என்பது அவர்கள் கண்ட அடிப்படை நெறி. அதிலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. தொடக்கத்தில் ஒரே ஒரு பொட்டலத்தை அனுப்ப வேண்டும். ஒப்புகை வந்தால் இரண்டு, பின்னர் நான்கு, பின்னர் எட்டு என்று வழியறிந்து பெருக்க வேண்டும். இது முதல் விதி. ஒப்புகை வரும் காலம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் கணித்து, அதற்கேற்பப் பொறுத்திருக்க வேண்டும். இது இரண்டாம் விதி. பொட்டலம் தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, தன் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். இது மூன்றாம் விதி. இவ்விருவரும் தம் ஆய்வை 1988 ஆம் ஆண்டு வெளியிட்டனர். மறு ஆண்டே, இணையத்தில் சேரும் கணினிகள் பின்பற்ற வேண்டிய விதிமுறைகளில் மெல்லத் தொடங்குதலும் நெரிசல் தவிர்த்தலும் கட்டாயமாக்கப்பட்டன. இன்னார் விரைவாகச் செல்க, இன்னார் காத்திருக்க எனக் கட்டளையிடும் தலைவன் எவனும் இணையத்தில் இல்லை. ஒவ்வொரு கணினியும் பிறர்பொருட்டுத் தானே அடங்கி நடப்பதால்தான் அது நிலைகுலையாமல் நிற்கிறது.

ஆயினும் இடர் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. பிற்காலத்தில் நினைவகங்களின் விலை வெகுவாகக் குறைந்தது. பொட்டலம் ஒன்றுகூடத் தொலையலாகாது என்னும் நல்லெண்ணத்தால், கருவிகளில் வரிசைக்குரிய இடத்தை மிகுதியாக வைத்தனர். 2010 ஆம் ஆண்டு ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் தம் வீட்டு இணையத் தொடர்பு மந்தமாவதை ஆராய்ந்தார். பெரிய கோப்பு ஒன்றை வெளியே அனுப்பும்போதெல்லாம், ஒரு சிறு பொட்டலம் சென்று திரும்புவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆவதைக் கண்டார். நெரிசல் ஏற்பட்டும் பொட்டலங்கள் தொலையவில்லை; அவை நீண்ட வரிசையில் உறங்கிக் கிடந்தன. ஆதலால், அளவைக் குறைக்க வேண்டும் என்னும் அறிகுறி அனுப்பும் கணினிக்கு உரிய காலத்தில் எட்டவில்லை. 2012 ஆம் ஆண்டு கேத்லீன் நிக்கோல்ஸ் என்னும் அம்மையாரும் அதே வான் ஜேக்கப்சனும் இதற்கு ஒரு வழி கண்டனர். வரிசையின் நீளத்தை அளப்பதற்கு மாறாக, பொட்டலம் வரிசையில் காத்திருந்த காலத்தை அளக்க வேண்டும். அக்காத்திருப்பு 5 மில்லிநொடியைக் கடந்து 100 மில்லிநொடி நேரம் நீடித்தால், ஒரு பொட்டலத்தைக் கைவிட்டு அறிகுறி காட்ட வேண்டும் என்பதே அவ்வழி.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவர் முதலிற் கண்ட அலுவலகத்திற்கு வருகிறார் எனக் கொள்க. அவர் வந்தவுடன் எக்கருவியையும் கழற்றமாட்டார். தாமதம் ஒரு கணினிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? கம்பியால் இணைந்தவற்றுக்கா, வைஃபையால் இணைந்தவற்றுக்கா? எந்நேரமுமா, குறித்த நேரத்தில் மட்டுமா? இவ்வினாக்களையே முதலில் கேட்பார். ஒரு கணினி மட்டும் மந்தமானால் அதன் கம்பியையும் கம்பியின் முனையையும் நோக்குவார். இத்தகைய செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் நீளலாகாது என்பதையும் நினைவிற் கொள்வார். வைஃபை மட்டும் மந்தமானால், அண்டை வீட்டு அலைகளும் நுண்ணலை அடுப்பும் இடையூறு செய்கின்றனவா எனக் காண்பார். எல்லாக் கணினிகளும் ஒருங்கே நின்றுபோனால், ஒரே கம்பியின் இரு முனைகளையும் எவரேனும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டனரா எனத் தேடுவார். அவ்வாறு செருகினால் செய்திகள் வெளியேற வழியின்றி வட்டமிட்டுப் பெருகி, வலை முழுவதையும் நிறைத்துவிடும்.

இங்கோ, கம்பி, வைஃபை என்னும் வேறுபாடின்றி, மாலை நான்கு மணிக்கு எல்லாமே மந்தமாகின்றன. ஆகவே அவர் அளக்கத் தொடங்குகிறார். பிங் என்னும் சிறு கருவிநிரல் அவருக்குத் துணை செய்கிறது. மைக் மூஸ் என்பவர் 1983 ஆம் ஆண்டு, வலையமைப்பின் கோளாறு ஒன்றை அறிவதற்காகவே இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போல, இது ஒரு பொட்டலத்தை அனுப்பி, மறுமொழி வரும் காலத்தை அளந்து கூறும். வந்தவர் காலையிலேயே அளந்து குறித்துக்கொள்கிறார்: ரவுட்டர் வரை 2 மில்லிநொடி, வெளியே 30 மில்லிநொடி. மாலை நான்கரை மணிக்கு மீண்டும் அளக்கிறார்: ரவுட்டர் வரை அதே 2 மில்லிநொடி, வெளியேயோ 1,500 மில்லிநொடி! அலுவலகத்தினுள் குற்றம் இல்லை. வெளியே செல்லும் வாயிலில்தான் வரிசை நீள்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. அந்நேரத்தில் எந்தக் கணினி மிகுதியாக அனுப்புகிறது என்பதை ரவுட்டரின் கணக்கில் பார்க்கிறார். அது மூலையில் இருந்த பழைய கணினியும் அன்று. இளைஞரின் கணினியும் அன்று. கணக்குப் பிரிவின் கணினி, நாள்தோறும் நான்கு மணிக்கு அன்றைய கோப்புகளின் படிகளைப் பாதுகாப்புக்காக வெளியிடத்துச் சேமிப்பகத்திற்குத் தானாகவே அனுப்புகிறது. அவ்வாறு செய்யுமாறு எப்போதோ ஒருவர் அமைத்திருந்தார். அமைத்தவரே அதனை மறந்துவிட்டார்.

அப்பணி இரவு பத்து மணிக்கு மாற்றப்படுகிறது. வேறு எதுவும் மாற்றப்படவில்லை. ஒரே வேளையில் பலவற்றை மாற்றினால், எம்மாற்றத்தால் நோய் தீர்ந்தது என்பதை அறிய இயலாது அன்றோ? மறுநாள் மாலை அவர் மீண்டும் அளக்கிறார். வெளியே செல்லும் காலம் 30 மில்லிநொடியாகவே இருக்கிறது. நோய் தீர்ந்தது. ஒரு காசும் செலவாகவில்லை. வேலைக்குப் புதியவரான இளைஞர்மீது படிய இருந்த பழியும் நீங்கிற்று.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பெர்க்லியில் பதறியவை கணினிகள். அலுவலகத்தில் பதறியவர்கள் மனிதர்கள். முன்னவை ஒப்புகைக்குக் காத்திராமல் பொட்டலங்களை அனுப்பின. பின்னவர் சான்றுக்குக் காத்திராமல் முடிவுகளைச் சொன்னார்கள். இரண்டிற்கும் மருந்து ஒன்றே. சற்றே நின்று, உள்ளதை அளந்து, காரணத்தைக் கண்டு, பின்னர்ச் செயற்படுபவரே விரைவாகப் பயன் காண்பர்.